வடிகால் ஏதும் பாதிக்கப்படவில்லை

நான் ஓய்வு பெறும் சமயத்தில் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த சதீஷ் என்ற தம்பி போன மாதம் போன் செய்தார். இப்போது மனைப்பிரிவு அனுமதிக்கு எல்லாமே கணினி வழியாம். வரைபடத்தை ஏற்றினால் மேம்பாட்டுக் கட்டணம் எவ்வளவு என்று அதுவே சொல்லிவிடுகிறதாம். நிலத்தை நேரில் போய்ப் பார்ப்பதும் பேருக்குத்தானாம், வானத்திலிருந்து எடுத்த படத்தில் வரப்புகூடத் தெரிகிறதாம். புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு வகுப்பு நடத்துகிறார்கள், உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்.

சரி என்று சொல்லிவிட்டுப் பத்து நாள் எழுதாமல் இருந்தேன். ஓய்வு பெற்றவனிடம் அனுபவம் கேட்டால் அவன் தான் கட்டிய பாலத்தையும் போட்ட சாலையையும்தான் எழுதுவான். என்னிடமும் அப்படிச் சில உண்டு. ஆனால் பிள்ளைகளுக்குப் பயன்படுகிற மாதிரி என்னிடம் இருப்பது நான் செய்த ஒரு தப்பும், அதைத் தப்பு என்று தெரிந்த பிறகு ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்ததும்தான். அதையே எழுதுகிறேன். வகுப்பில் படிக்க வேண்டாம் என்று தோன்றினால் சதீஷ் தாராளமாகக் கிழித்துப் போடலாம்.

காரைக்கால் பகுதியில் ஒரு கொம்யூன் பஞ்சாயத்தில் ஓவர்சீயராக வேலை பார்த்தேன். எந்தக் கொம்யூன் என்று சொல்லப்போவதில்லை. வயதானவர்கள் அப்போதும் எங்கள் அலுவலகத்தை ‘மேரி’ என்ற பிரெஞ்சுப் பெயரில்தான் சொல்வார்கள், பிரெஞ்சுக்காரன் போய் எத்தனை காலம் ஆனாலும். பாலிடெக்னிக் படித்து முடித்துத் தினக்கூலியாகச் சேர்ந்து, தெருவிளக்கு, சாக்கடை, சந்தைக் கொட்டகை என்று பாதி வாழ்க்கை ஓடியது. கடைசிப் பன்னிரண்டு வருடம் மனைப்பிரிவுப் பிரிவில். அங்கேதான் என் தலை கொஞ்சம் கனத்துப் போனது.

அந்த வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் வயலை வாங்கி மனைகளாகப் பிரித்து விற்க வேண்டும் என்றால், பஞ்சாயத்துக்கு மேம்பாட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். உள்ளே போடும் சாலைகளையும், பூங்காவுக்கென்று ஒரு பங்கு நிலத்தையும் தானப் பத்திரம் எழுதிப் பஞ்சாயத்திடம் ஒப்படைக்க வேண்டும். நியாயமான ஏற்பாடுதான். நூறு வீடு வந்தால் அந்த நூறு வீட்டின் கழிவுநீரும் குப்பையும் வெளிச்சமும் பிள்ளைகள் ஓடியாட இடமும் யார் தலையிலாவது விழத்தான் போகிறது. வயலை மனையாக்கி லாபம் பார்க்கிறவர் அந்தச் சுமையில் ஒரு பங்கைத் தூக்கட்டும் என்பதுதான் சட்டத்தின் எண்ணம். நடப்பில் என்னவென்றால், பூங்காவுக்குத் தானமாக வருகிற நிலம் எப்போதும் யாரும் வாங்க மாட்டாத மூலைப் பள்ளமாகவே இருக்கும். கட்டணமாக வருகிற பணமோ எல்லார் கண்ணுக்கும் பெரிதாகத் தெரிகிற காரியத்துக்குத்தான் போகும், அலங்கார வளைவு, மண்டபம், இப்படி. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமலே வருடங்கள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஊர் சார்பில் பேச ஆள் கிடையாது. கோப்பில் எழுதியதுதான் ஊர் சொன்னது.

அந்தக் கோப்பில் முதலில் எழுதுகிறவன் நான். தல ஆய்வு அறிக்கை என்று ஒரு தாள். நான்கு எல்லைக் கல்லும் இருக்கிறதா, அணுகுசாலை எத்தனை அகலம், மின்கம்பி மேலே போகிறதா, வாய்க்கால், குளம், பொதுப்பாதை ஏதும் உள்ளே சிக்குகிறதா என்று பார்த்து எழுத வேண்டும். அச்சடித்த தாளில் பதினோராவது கேள்வி வடிகால் பற்றியது. நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். தருமபுரத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டாலும் ஊரில் எங்களுக்கு மூன்று மா நிலம் உண்டு. வயலைப் பார்த்தாலே தண்ணீர் எங்கே ஏறும் எங்கே வடியும் என்று சொல்லிவிடுவேன் என்ற மிதப்பு எனக்கு. மற்ற ஓவர்சீயர்கள் லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து எழுதுவேன்.

பொன்வயல் நகர் என்று ஒரு மனைப்பிரிவு. கீழத்தெரு என்கிற முப்பது வீட்டுத் தெருவுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் இருந்த நஞ்சை அது. தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் அந்த வயல்களில் நடவும் அறுப்பும் பார்த்தவர்கள். வயல் விற்றுப்போனதில் அவர்களுக்குப் பிழைப்பும் போனது, ஆனால் அது எங்கள் தாளில் கேள்வியாக இல்லை. நான் ஆய்வுக்குப் போனது பங்குனிக் கடைசியில். சம்பா அறுத்து, உளுந்தும் எடுத்து, நிலம் வெடித்துக் கிடந்தது. சர்வே அலுவலகத்துப் புலப்படத்தில் அந்தச் சர்வே எண்களுக்குள் வாய்க்கால் எதுவும் இல்லை. சுற்றிப் பார்த்தேன், கண்ணுக்கும் இல்லை. பதினோராவது கேள்விக்கு நேராக, ‘வடிகால் ஏதும் பாதிக்கப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பட்டா நிலத்துக்குள்ளேயே வயலுக்கு வயல் வடியும் சின்ன வாய்க்கால்கள் உண்டு. அரசாங்கப் படத்தில் அவை இருக்காது. தை மாசியில் அறுவடை மிஷின் வரும்போது அந்தப் பெல்ட் வண்டி வாய்க்காலைத் தாண்ட முடியாது. அதனால் தாண்டுகிற இடத்தில் மண்ணையும் வைக்கோலையும் போட்டுத் தூர்த்துவிடுவார்கள். பிறகு டிராக்டரும் அதே வழியில் போய் வந்து தூர்த்த இடம் நீண்டுகொண்டே போகும். பங்குனியில் பார்த்தால் அது வண்டித்தடம் மாதிரி இருக்கும். ஆடி ஆவணியில் மறுபடி வெட்டித் திறந்துவிடுவார்கள். இது எல்லா ஊரிலும் நடப்பது. எங்கள் சொந்த வயலில் அந்த வருடமும் நானே ஆள் விட்டுத் தூர்க்கச் சொல்லியிருந்தேன். அதே நான் பொன்வயலில் அந்தத் தடத்தின் மேலேயே நடந்து போய், தடம் என்றே எண்ணி, திரும்பி வந்தேன். தெருவில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

அனுமதி கிடைத்தது. கட்டணம் வந்தது. சாலைகளையும் பூங்கா இடத்தையும் தானமாக எழுதிக் கொடுத்தார்கள். பஞ்சாயத்து ஆணையர் சார்பில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் அந்தப் பத்திரத்தைச் சரிபார்த்து வாங்கி வந்தவனும் நான்தான். லாரி லாரியாகச் சவுடு மண் கொட்டி இடுப்பளவு உயர்த்தினார்கள். ஆவணியில் வாய்க்காலை வெட்டித் திறக்க வயலே இல்லை.

ஐப்பசி மழையில் கீழத்தெருவுக்குள் தண்ணீர் ஏறியது. அஞ்சம்மாள் என்ற பெண் மனு எழுதி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். நாற்பது வயது இருக்கும். கணவர் திருப்பூரில் வேலை, இவள் ஆஸ்துமாக்காரரான தகப்பனார் பக்கிரிசாமியையும் வைத்துக்கொண்டு தெருவில் இருந்தாள். எந்த வருடமும் இப்படி நின்றதில்லை, வடிய வழியில்லை என்றாள். மறுநாள் போய்ப் பார்த்தேன். வீடுகளுக்குள் முழங்கால் தண்ணீர். பக்கிரிசாமி வாசலுக்கு நேராகச் செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எனக்கு எந்த ஊர், நிலம் உண்டா என்று விசாரித்தார். நான் மனைப்பிரிவின் மண்மேட்டில் ஏறி நின்று பார்த்தேன். தெருப் பக்கத்திலிருந்து ஒரு நேர்கோடாக வாய்க்கால் வந்து, நான் நின்ற மேட்டில் முட்டி நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் வந்ததும் பழைய தடம் தானாகத் தெரிந்துவிட்டது. பங்குனியில் நான் நடந்த அதே தடம்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. இறங்கி வந்து அஞ்சம்மாளிடம், இந்த வருடம் மழை அதிகம், எல்லா ஊரிலும் இப்படித்தான் நிற்கிறது, மோட்டார் வைத்து இறைக்கச் சொல்கிறேன் என்றேன். மோட்டாரும் வந்தது, ஒரு நாள் இறைத்தது. மனுவின் மேல் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று எழுதிக் கோப்பில் சேர்த்தேன். அந்த வரியை எழுதத் தயங்கினேன் என்று சொன்னால் பொய். நன்றாகவே எழுதினேன். ஓய்வுக்கு இரண்டு வருடமும் சில மாதங்களும் இருந்தன. தவறான ஆய்வறிக்கை என்று வந்தால் விளக்கம் கேட்பார்கள், இன்கிரிமெண்டை வெட்டுவார்கள், அது பென்ஷன் வரைக்கும் இழுக்கும். அதைத்தான் நினைத்தேன். அந்த மழை முடிந்ததும் வெயிலில் தெரு காய்ந்துவிட்டது, எனக்கும் அது மறந்த மாதிரி ஆகிவிட்டது.

மறு வருடம் புதுச்சேரியிலிருந்து மாற்றலாகி உதவிப் பொறியாளராக ஃபிலோமினா மேடம் வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். சனிக்கிழமையானால் திருநள்ளாற்றுக் கூட்டத்தைக் காரணம் சொல்லிப் பாதி அலுவலகம் காணாமல் போகும் ஊர் இது. அவர் அன்றைக்குத்தான் அமைதியாக இருக்கிறது என்று பழைய கோப்புகளை எடுத்துப் படிப்பார். உட்கார்ந்து படிக்க மாட்டார், பீரோவின் பக்கத்தில் நின்றபடி படிப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சந்தேகம் வந்த வரிக்குப் பக்கத்தில் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி போடுவார். பதில் திருப்தியாக இருந்தால் ரப்பர் எடுத்து அவரே அழிப்பார். அந்தக் குறி அழியும்வரை கோப்பு அவர் மேஜையை விட்டு நகராது. ஒப்பந்தக்காரர்கள் அவரைப் ‘பென்சில் அம்மா’ என்பார்கள். எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில் பொன்வயல் நகரில் பத்துப் பன்னிரண்டு வீடுகள் வந்துவிட்டன. குடியிருப்போர் சங்கமும் வந்துவிட்டது. தலைவர் ஓய்வு பெற்ற வங்கிக்காரர், தன்மையான மனிதர். தங்கள் மனைக்காகக் கட்டிய கட்டணத்தில் பூங்கா இடத்தில் ஒரு சமுதாயக் கூடம் கட்டித் தர வேண்டும் என்று கேட்டார்கள். ஆணையருக்கும் அதில் விருப்பம். திறப்பு விழாவுக்கு ஏற்ற காரியம் அல்லவா. மதிப்பீடு தயாரித்து நான்தான் கோப்பைப் புதிய மேடத்திடம் வைத்தேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது. மதிப்பீட்டில் ஒரு குறியும் இல்லை. அடியில் இணைத்திருந்த என் பழைய ஆய்வறிக்கையில், பதினோராவது வரிக்குப் பக்கத்தில் பென்சில் கேள்விக்குறி.

“அஞ்சம்மாள்னு ஒருத்தங்க மனு இதே கோப்புல இருக்கு, பாத்தீங்களா?” என்று கேட்டார்.

புலப்படத்தில் வாய்க்கால் எதுவும் கிடையாது என்றேன். உண்மைதான். புலப்படத்தில் கிடையாது. அவர் கோப்பை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். ரப்பரை எடுக்கவில்லை. மழை வரட்டும், போய்ப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். ஆணையர் மூன்று முறை கேட்டனுப்பியும் அந்தக் கோப்பு அங்கேயே இருந்தது.

கார்த்திகையில் ஐந்து நாள் விடாத மழை. ஆறாம் நாள் காலை மழை விட்டு வெளுத்திருந்தது. நான் அலுவலகத்துக்குள் நுழையும்போதே கீழத்தெருவிலிருந்து இரண்டு பேர் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். பக்கிரிசாமி இறந்துவிட்டார். நான்கு நாளாகத் தண்ணீர் நிற்கிற வீட்டில் ஈரக்காற்றில் மூச்சு முட்டிக்கொண்டு கிடந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதற்கு மழை விடட்டும் என்றாராம். தண்ணீர்தான் கொன்றது என்று நான் எழுத முடியாது, அது டாக்டர் சொல்ல வேண்டியது. தண்ணீர் இல்லாதிருந்தால் அந்த மழையையும் தாண்டியிருப்பார் என்று என் மனசு சொல்கிறது.

வந்தவர்கள் வேறு விஷயமாக வந்திருந்தார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வரப்புப் பாதை இடுப்பளவு தண்ணீரில் கிடந்தது. பாடையைத் தூக்கிக்கொண்டு போக ஒரே வழி பொன்வயல் நகர்ச் சாலை, அதன் வழியாக மெயின் ரோடு. ஆனால் நகரின் பின்பக்கம் சங்கத்தார் இரும்புக் கேட் போட்டுச் சங்கிலியால் பூட்டியிருந்தார்கள். திறக்க மாட்டேன் என்கிறார்களாம். அன்றைக்கு உள்ளே ஒரு வீட்டில் கிரகப்பிரவேசம்.

மேடம் பீரோவைத் திறந்து பொன்வயல் கோப்பிலிருந்து தானப் பத்திரத்தை எடுத்து என்னிடம் கொடுத்து, வாங்க என்றார். ஜீப்பில் ஏறிப் போனோம்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெஞ்சின் மேல் பாடையை இறக்கி வைத்திருந்தார்கள். தெரு ஆட்கள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்கள். கேட்டுக்கு இந்தப் பக்கம் புதுச் சிமெண்டு ரோடு காய்ந்து கிடந்தது. இரண்டு பக்கத்துக்கும் உயர வித்தியாசம் சவுடு கொட்டி ஏற்றிய அந்த இடுப்பளவு. சங்கத் தலைவர் வேட்டி சட்டையில் விசேஷ வீட்டிலிருந்து வந்தார். மேடம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கேட்டுத் தூணோரம் ஒரு ஆள் மட்டும் நுழைகிற சந்து வழியாகத் தண்ணீருக்குள் இறங்கி, பாடையின் பக்கம் போய் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டார். திரும்பி வந்துதான் பேசினார்.

“ஒரு ரெண்டு மணி நேரம் பொறுத்தா விசேஷம் முடிஞ்சிடும் மேடம்,” என்றார் தலைவர். “நல்ல நாளும் அதுவுமா இப்படியா? நாங்களும் காசு கட்டித்தான் இந்த ரோடு வந்துச்சு. எங்களுக்கு ஒரு பாதுகாப்பு வேண்டாமா?”

மேடம் என்னைப் பார்த்து, படிங்க கலியபெருமாள் சார் என்றார். நான் பத்திரத்தைப் பிரித்தேன். மேற்படி மனைப்பிரிவில் உள்ள சாலைகள் அனைத்தையும் பொதுமக்கள் உபயோகத்துக்காகப் பஞ்சாயத்துக்கு இதனால் தானமாக ஒப்படைத்து, எங்களுக்கோ எங்கள் வாரிசுகளுக்கோ எங்களிடம் மனை வாங்குவோருக்கோ இதில் எவ்விதத் தனி உரிமையும் இல்லை என்ற வாசகம். நானே சரிபார்த்து வாங்கியது. சத்தமாகப் படித்தேன். தண்ணீருக்குள் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

“காசு கட்டுனீங்க, சரி. எதுக்குக் கட்டுனீங்கன்னா, இது எல்லாருக்குமான ரோடா இருக்கறதுக்குத்தான். பூட்டத் திறங்க,” என்றார் மேடம்.

தலைவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு விசேஷ வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கிரகப்பிரவேசம் நடந்த வீட்டுக்காரர் ஒரு இளைஞர், துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர், அவரே வந்து சாவியை வாங்கித் திறந்தார். வீட்டில் பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, வாசலில் கைகட்டி நின்றார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை, ஆனால் இப்போதும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

பாடை அந்தச் சாலை வழியாகப் போனது. நகரைத் தாண்டும்வரை பறை அடிக்காமல் போனார்கள். யாரும் அடிக்காதே என்று சொல்லவில்லை. அவர்களாகவே நிறுத்திக்கொண்டார்கள். மெயின் ரோட்டுக்குப் போன பிறகுதான் சத்தம் கேட்டது. பெண்கள் கேட்டோடு நின்றுவிட்டார்கள். அஞ்சம்மாள் அங்கே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். நான் பத்திரத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டு நின்றது கிடையாது.

அன்று மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதினேன். ஏன் எழுதினேன் என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன், அதையும் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மேம்பாட்டுக் கட்டணத்தை அந்த மனைப்பிரிவின் எல்லைக்குள்தான் செலவு செய்ய முடியும். கீழத்தெரு எல்லைக்கு வெளியே. அந்தத் தெருவுக்கு அதில் ஒரு சல்லிக்காசு தர வழியில்லை, ஒரே ஒரு நிலையைத் தவிர. மனைப்பிரிவால் ஏற்கெனவே இருந்த வடிகால் அடைபட்டது என்று ஆய்வறிக்கை சொன்னால், அதைச் சரிசெய்யும் வேலையை அந்தக் கட்டணத்திலேயே செய்யலாம். ஆக அந்தத் தெருவின் தண்ணீர் வடிவதும் வடியாததும் என் பதினோராவது வரியில் நின்றது. பழைய வாய்க்கால் ஓடிய இடத்தில் மனைகள் விற்று வீடும் வந்துவிட்டது. ஆனால் தானமாக வந்த சாலை ஓரமும் பூங்காவும் பஞ்சாயத்துச் சொத்து. அவற்றின் வழியாகச் சிமெண்டு வடிகால் கொண்டுபோய்ப் பெரிய வடிவாய்க்காலில் சேர்க்கலாம். கூடம் கட்டிவிட்டால் அந்த வழியும் அடைந்துவிடும்.

திருத்திய ஆய்வறிக்கை என்று தலைப்பிட்டு, வடிகால் இருந்தது, நான் பார்க்கத் தவறினேன், முதல் வருட மழையிலேயே அதை அறிந்தும் தெரிவிக்கவில்லை என்று எழுதினேன். கடைசி வாக்கியத்தை எழுதாமல் விட்டிருக்கலாம். விட்டால் மறுபடி ஒரு அரைகுறை அறிக்கை ஆகிவிடும் என்று பட்டது. வடிகால் போக வேண்டிய வழியைப் படமாக வரைந்து இணைத்தேன்.

மேடம் நின்றபடியே படித்தார். இரண்டு முறை படித்தார்.

“இதக் குடுத்தா ஒங்களுக்கு என்ன ஆகும்னு தெரியும்தானே?”

“தெரியும் மேடம்.”

“நான் கேட்டப்பவே சொல்லியிருந்தா இந்த மழைக்கு முன்னாடி குறுக்க ஒரு கால்வாயாவது வெட்டியிருப்பேன்.”

அவர் பழைய அறிக்கையை எடுத்து ரப்பரால் அந்தக் கேள்விக்குறியை அழித்தார். பிறகு கோப்பில் எழுதியதை மறுநாள் பார்த்தேன். கூடம் வேண்டாம், வடிகால் பணிக்குக் கட்டணத்தைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்திருந்தார். அதற்குக் கீழே, தவறான அறிக்கைக்காக ஓவர்சீயரிடம் விளக்கம் கேட்டு நடவடிக்கை எடுக்கலாம் என்றும் எழுதியிருந்தார். தானாக ஒப்புக்கொண்டான், ஓய்வு பெறப்போகிறவன் என்று எனக்குச் சாதகமாக ஒரு வரி இருக்கும் என்று தேடினேன். இல்லை. அன்றைக்குக் கோபம்கூட வந்தது. பிறகு யோசித்தால், எனக்காக ஒரு வரி எழுத வேண்டும் என்றால் கீழத்தெருவுக்கு எதிராகத்தான் எழுத முடியும்.

மெமோ வந்தது. விளக்கம் கொடுத்தேன். ஒரு இன்கிரிமெண்ட் போனது. அலுவலகத்தில் சிலர் என்னோடு டீ குடிக்க வருவதை நிறுத்தினார்கள். ஒருவர் கெட்டிக்காரத்தனமாக, ஊரில் வடிகால் அடைத்தவன் எல்லாம் நிம்மதியாக இருக்கிறான், அடைத்தேன் என்று எழுதியவன் மாட்டிக்கொண்டான் என்றார். சங்கத் தலைவர் கூடம் போன வருத்தத்தில் ஆணையருக்கு எழுதிப் பார்த்தார். மேடம் அவரை அழைத்துக்கொண்டு போய்க் கீழத்தெருவைச் சுற்றிக் காட்டினாராம். அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. பின்பக்கக் கேட்டைச் சங்கத்தாரே கழற்றிவிட்டார்கள்.

வைகாசியில் வேலை ஆரம்பித்து ஆவணியில் முடிந்தது. இந்த முறை கருவியைத் தூக்கிக்கொண்டு நானே நடந்து நடந்து லெவல் எடுத்தேன். தெருவில் இருந்த பெரியவர்களைக் கேட்டுக் கேட்டு, பழைய நாளில் தண்ணீர் எங்கே தங்கி எங்கே திரும்பியது என்று குறித்துக்கொண்டேன். வடிகாலின் கடைசிக் கல்லை வைத்த சில மாதங்களில் நான் ஓய்வு பெற்றேன்.

ஓய்வுக்குப் பிறகு வந்த முதல் கார்த்திகையில் நல்ல மழை. மூன்றாம் நாள் மனசு கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வடிகாலில் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் செருப்பு நனையும் அளவுக்குக்கூட நிற்கவில்லை. அஞ்சம்மாள் மண்வெட்டியோடு வடிகால் வாயில் சிக்கியிருந்த தென்னமட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, வாங்க சார் என்றாள். வீட்டுக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டு டீ கொடுத்தாள். தரை காய்ந்திருந்தது. தண்ணீர் நன்றாக வடிகிறதா என்று கேட்டேன். ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது என்றாள். அவள் நன்றி சொல்வாள் என்று எனக்குள் எங்கோ ஒரு எதிர்பார்ப்பு இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதற்கு அந்த மழையில் போனேன்.

“ஒண்ணு கேக்கலாங்களா சார்? மொத வருஷம் நான் மனு குடுத்தப்ப வந்தீங்க. அந்த மேட்டுல ஏறி ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னீங்க. அப்பவே ஒங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்லிங்களா?”

“தெரிஞ்சுபோச்சும்மா.”

அவள் கோபப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

“அப்பாவும் அதத்தான் சொன்னாரு. கட்டில்ல ஒக்காந்து ஒங்களையேதான் பாத்துக்கிட்டு இருந்தாரு. ‘அந்த சாரு கண்டுபுடிச்சிட்டாரு புள்ள, வெவசாயக் குடும்பத்து ஆளு, இனிமே அவரு பாத்துக்குவாரு, நீ மறுபடி மறுபடி மனுவத் தூக்கிக்கிட்டு அலயாத’ன்னாரு. அதனாலதான் சார் நான் அந்த வருஷம் பூரா அங்க வரவே இல்ல.”